24 வீடு, ஒரு மொட்டைமாடித் தொட்டி, கரண்ட் இல்லாத 3 நாள்

கேள்வி இதுதான்: சென்னை வேளச்சேரிப் பக்கம் ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே 4 மாடியுமாக 24 வீடுகள் உள்ள அப்பார்ட்மென்ட். பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. புயலடித்து இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனால், முன்பின் தெரியாத இத்தனை பேர் எதிலிருந்து தொடங்குவது?

பெயர்தான் தெரியாதே ஒழிய, நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரே கம்பியிலும் ஒரே குழாயிலும் கட்டப்பட்டவர்கள். கரண்ட் இருக்கும் வரை அது கண்ணில் படாது. போன மறுநிமிடம் முதல் மாடியில் யாரோ இரண்டு பக்கெட் கூடுதலாகப் பிடித்தால் நான்காவது மாடியில் குழாய் காற்று விடும். ஆகவே எல்லோரும் நண்பர்களாக வேண்டும் என்ற கவலையை விடுங்கள். யார் யார் எந்தத் தொட்டியில், எந்த ஃபேஸில் (கட்டடத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் எதில்), எந்த லிஃப்டில் உங்களோடு பிணைந்திருக்கிறார்கள் என்று முதல் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டால் போதும். மூன்றாம் நாள் தெரிந்துகொள்வதில் பயன் குறைவு.

சென்னையின் நீண்ட இருட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின் தொகுப்புகள் சரிந்து பாதி இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது. அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் இணைந்தது. ஆனாலும் இங்கே நாள்கணக்கில் கரண்ட் போவது பெரும்பாலும் கடைசி ஒரு கிலோமீட்டரில்: விழுந்த மரம், சாய்ந்த கம்பம், தண்ணீரில் நிற்கும் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் தெருவோர இரும்புப் பெட்டி). அதிலும் இரண்டு வகை உண்டு. 2016 டிசம்பர் 12 வர்தா காற்றுப் புயல். மரங்களும் கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. சரிசெய்ய நாளாகும், ஆனால் மறுநாள் தெருவில் நடக்கலாம், ஆள் வரலாம். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் தண்ணீர்ப் புயல். அதில் ஷாக் அடித்து யாரும் சாகக்கூடாது என்று மின்வாரியமே சப்ளையை நிறுத்தும். தண்ணீர் வடியும் வரை எத்தனை முறை போன் செய்தாலும் வராது, உதவிக்கும் யாரும் உள்ளே வர முடியாது. எந்த வகை என்று பார்த்துக்கொண்டால் எத்தனை நாளுக்குத் திட்டமிடுவது என்பது புரிந்துவிடும். பக்கத்துத் தெருவில் வெளிச்சம் தெரிந்தால் சதி என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வேறு டிரான்ஸ்ஃபார்மர் அல்லது வேறு 11 கேவி ஃபீடர் (டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் கொண்டுவரும் பெரிய லைன்), அவ்வளவுதான்.

கரண்ட் போனதும் முதலில் லிஃப்டைப் பாருங்கள். ஏஆர்டி என்கிற மீட்பு பேட்டரி இருந்தால் லிஃப்ட் தானாகப் பக்கத்து மாடிக்கு ஊர்ந்து வந்து கதவைத் திறக்கும். ஆனால் அந்த பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். மாற்ற வேண்டும் என்று சர்வீஸ்காரர் சொல்வார், அசோசியேஷன் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லும், உள்ளே மாட்டுவது சம்பந்தமே இல்லாத யாராவது ஒரு கூரியர் பையனாக இருக்கும். உள்ளே இருப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: மூச்சு முட்டாது, லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா இல்லை; கீழேயும் விழாது, கரண்ட் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆபத்து வருவது கதவை நெம்பி, இரண்டு மாடிக்கு நடுவே குதிக்கப் போகும்போது.

மெஷின் ரூம் உள்ள பழைய வகையில் கையால் நகர்த்தலாம். பயிற்சி பெற்றவர் ஒருவரும் கூட ஒருவரும் வேண்டும். மெயின் ஐசொலேட்டரை (லிஃப்டுக்கு வரும் கரண்டை முழுக்கத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டுவது முதல் வேலை. நடுவில் கரண்ட் வந்தால் சக்கரம் கையை முறித்துவிடும். பிறகு ஒருவர் லீவரால் பிரேக்கை விடுவிக்க, மற்றவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம்? 6 பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ கணக்கு, தலைக்கு 68. எதிர் எடை (ரோப்பின் மறுமுனையில் தொங்கும் பாரம்), காலிப் பெட்டியின் எடையோடு அந்த 408-இல் ஏறக்குறைய பாதியும் சேர்ந்ததாக இருக்கும். உள்ளே ஒருவரோ இருவரோ இருந்தால் எதிர் எடைதான் கனம், பெட்டி மேலே போகத் துடிக்கும். ஐந்து பேர் இருந்தால் கீழே. எது சுலபமோ அந்தப் பக்கம் விடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. ரோப்பில் மாடிக்கு ஒன்றாகப் பெயின்ட் குறி இருக்கும். குறி நேராக வந்ததும் லீவரை விட்டு, பிரேக் மறுபடி பிடிக்கும்படி செய்ய வேண்டும். மெஷின் ரூமே இல்லாத புதிய வகையில் இந்தச் சக்கரம் கிடையாது; மேல்மாடி பேனலில் பேட்டரியால் பிரேக் விடுவிக்கும் ஏற்பாடு இருக்கும், அது சர்வீஸ்காரர் வேலை. அவருடைய நம்பர் லிஃப்டுக்குள்ளே ஒட்டியிருப்பதில் பயனில்லை. இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் முடிந்ததும் படியேறி, உயிருக்குக் கரண்ட் தேவைப்படுபவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பதில் வராது. வாட்ச்மேனைக் கேளுங்கள், அவர் இல்லையென்றால் தண்ணீர் கேன் போடும் பையனை, இஸ்திரிக்காரரை. எந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீட்டுக்கு மாதாமாதம் ஆக்சிஜன் சிலிண்டர் வருகிறது என்பது 24 வீட்டுக்காரர்களைவிட இவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் வைத்திருப்பவர்தான் பட்டியலில் முதல் ஆள். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஏட்டில் 1800 வாட்-ஹவர். முழுக்க உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும், கைக்கு வருவது 1200. அதாவது மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது கதை. அதிலும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவில் கம்ப்ரெஸர் சூடேறி நின்றுவிடும். எனவே புயல் அறிவிப்பு வந்த அன்றே சிலிண்டர் வாங்கி வைப்பதுதான் வழி. சின்ன பி டைப்பில் 1500 லிட்டர்: நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். பெரிய டி டைப்பில் சுமார் 7000 லிட்டர்: இரண்டு நாளுக்கு மேல். டி டைப்பை லிஃப்ட் இல்லாமல் நான்கு மாடி ஏற்ற நான்கு பேர் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கரண்ட் போகும் முன்பே ஏற்றிவிடுவது நல்லது. ரெகுலேட்டர், ஸ்பேனர், நீர்க்குப்பி மூன்றும் சிலிண்டரோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் இல்லாமல் சிலிண்டர் வெறும் இரும்புதான்.

இன்சுலின் பற்றி வீண் பதற்றம் அதிகம். பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும் வகைதான் பெரும்பாலும். உங்களுடையது எத்தனை நாள் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும். டிசம்பர் சென்னைக்கு ஒரு மண்பானை போதும்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மருந்து ஜிப் கவரில், மேலே ஈரத் துணி. யாரோ அன்பாகக் கொண்டுவந்த ஐஸ் கட்டி மேல் நேராக வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அடுத்தது தண்ணீர். கட்டடத்துக்குள் சண்டை வருவதென்றால் இதில்தான் வரும். 24 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், 96 பேர். வழக்கமான கணக்கு தலைக்கு 135 லிட்டர். ஒரு நாளைக்கு 13,000 லிட்டர். மொட்டைமாடித் தொட்டி 10,000 லிட்டர் என்றால் ஒரு நாள்கூட வராது. தலைக்கு 40 லிட்டர் என்று சுருக்கினால் இரண்டரை நாள். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள். காரணம் கெட்ட எண்ணம் இல்லை, பயம். கரண்ட் போன அரை மணியில் 24 வீட்டிலும் இருக்கிற அண்டா, குண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பும். தொட்டி பாதி காலி. ஆகவே தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் திறப்பது என்று நேரம் குறித்து, படிக்கட்டுச் சுவரில் பேப்பரில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தால் யாரும் பதுக்கமாட்டார்கள். முதல் முறை மூடும் முன் ஒரு மணி நேரம் அவகாசம் சொல்லிவிட்டு மூடுங்கள், சொல்லாமல் மூடினால் அதுவே இரண்டு வருடப் பகையாகும்.

குடிநீர் தனிக் கணக்கு. ஆர்ஓ மெஷின் ஓடாது. தலைக்கு 3 லிட்டர், 96 பேருக்கு 288 லிட்டர்: நாளைக்கு 20 லிட்டர் கேன் 15. வீட்டுக்கு வீடு தனியாகச் சொன்னால் கேன்காரர் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுவார், தவறும் இல்லை. லிஃப்ட் இல்லாமல் நான்கு மாடிக்கு யார் சுமப்பது? மொத்தமாக 15 சொல்லி, ஸ்டில்ட்டில் இறக்கி, ஏற்றுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப்புக்குள் (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) வெள்ளம் புகுந்திருந்தால் அந்த நீர் குடிக்க, சமைக்க ஆகாது. இறைத்து, கழுவி, மறுபடி நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடராக இருக்க வேண்டும். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்ததில் குளோரின் போயிருக்கும். பக்கெட் நீரில் கரைத்து, சுண்ணாம்பு கீழே தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும். 5 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடும்போது கிட்டத்தட்ட ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு. அதனால் உங்களிடம் 25 கேவிஏ (ஜெனரேட்டர் திறனின் அளவு) செட் இருந்தாலும் லிஃப்ட், காமன் லைட் எல்லாம் ஓடும்போது மோட்டாரைப் போட்டால் டிரிப் ஆகும். முதலில் மோட்டார், அது ஓட்டம் பிடித்த பிறகு மற்றவை. பாதி லோடில் அந்த செட் மணிக்கு மூன்று, மூன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். நாள் முழுக்க நாலு டியூப் லைட்டுக்காக ஓட்டுவது டீசலுக்கும் நஷ்டம், எஞ்சினுக்கும் கெடுதல். லோடு மிகக் குறைந்தால் எரியாத டீசல் கரியாகப் படியும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, அந்த நேரத்திலேயே தண்ணீர் ஏற்றம், வயதானவர்களுக்கு லிஃப்ட், போன் சார்ஜ் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது உத்தமம்.

செட் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்கு லைட், மைக் செட் போடுகிறவர்களிடம் வண்டியோடு ஜெனரேட்டர் இருக்கும். புயலுக்கு மறுநாள் தெருத்தெருவாக மணிக்கு இவ்வளவு என்று ஓட்டுவார்கள். பேசும்போதே ‘மூன்று ஃபேஸா’ என்று கேளுங்கள். 5 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் செட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மோட்டார் ஓடாததற்கு உங்கள் ஸ்டார்ட்டரைக் குறை சொல்வது வழக்கமான கூத்து. 5 எச்பிக்கு 15 கேவிஏ மூன்று ஃபேஸ் வேண்டும். நீங்களும் பக்கத்துக் கட்டடங்கள் இரண்டும் சேர்ந்து பேசினால் வண்டி ஒரே தெருவில் நிற்கும், வாடகையும் குறையும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு முதல்முதலாகப் பேசுவதே இந்த ஜெனரேட்டர் பேரத்தில்தான் பலருக்கு நடக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரையோ பெரிய இன்வெர்ட்டரையோ, இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் சொருகுகிறார்கள். ஜெனரேட்டரையும் வாரிய லைனையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லை, மெயினும் ஆனில் இருக்கிறது. அந்த 230 வோல்ட் உங்கள் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். அந்தக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உங்கள் ஏரியா லைன்மேன்கூட இல்லாமல் இருக்கலாம்; பெரும் புயல்களுக்குப் பிறகு வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் அழைத்து வருகிறார்கள். லைனை எர்த் செய்த (மண்ணோடு இணைத்த) பிறகே அவர்கள் தொடுவது விதி. மழையில், இரவில், 18 மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு முறை விட்டுப்போனால் போதும். தெருவில் ‘எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மெயினை இறக்கியிருக்கிறேன்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்வது, டீ வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. டீயும் கொடுங்கள்.

ஜெனரேட்டர் புகை பற்றி ஒரு வரி: ஸ்டில்ட் பார்க்கிங், பால்கனி, படிக்கட்டு இடுக்கு எதிலும் ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். காரில் போன் சார்ஜ் போட எஞ்சினை ஓடவிடுவதும் வெட்டவெளியில்தான்.

போன் கணக்கு சுவையானது. 5000 எம்ஏஎச் போனை முழுக்க நிரப்ப, இழப்பும் சேர்த்து 25 வாட்-ஹவர் ஆகும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். இரவு 8 மணி நேரம் ஒரு ஃபேன் ஓடினால் 600. அதாவது ஒரு ஃபேனின் ஓர் இரவு, 24 போன். வீட்டுக்கு ஒன்று! இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்காரர் ஒருவர் ஒரே ஓர் இரவு ஃபேனை நிறுத்தினால் கட்டடம் முழுக்க நாளை பேசும். டிசம்பரில் ஃபேன் வெக்கைக்கு இல்லை, கொசுவுக்குத்தான், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசலில் வைத்து, வீட்டுக்கு ஒரு போன், 60 சதவீதம் வரை மட்டும் என்று வைத்துக்கொண்டால் வேகமாகச் சுற்றிவரும். கடைசி 20 சதவீதம்தான் நேரம் தின்னும். போனின் பின்னால் வீட்டு எண் எழுதிய பேப்பர் ஒட்டாவிட்டால் ஒரே மாதிரி கறுப்பு போன் எட்டு கிடக்கும். டவர்களும் சில மணி நேர பேட்டரிக்குப் பிறகு டீசலை நம்பித்தான் நிற்கின்றன. சிக்னல் இல்லாதபோது போன் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும். ஏரோபிளேன் மோடில் வைத்து மணிக்கு ஒரு முறை திறந்து, எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் அது நுழைந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஃபிரிட்ஜைத் திறக்காவிட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். இட்லி மாவு காத்திருக்காது, அன்று மாலையே பொங்கிவிடும். எல்லா வீட்டு மாவும் ஒரே நேரத்தில் புளிப்பதால் அன்று இரவு தோசை தாராளம். கேஸ் அடுப்பு இல்லாமல் இண்டக்‌ஷனை மட்டும் நம்பும் பேச்சலர் பையன்கள் எந்த வீட்டில் என்று பார்த்து அங்கே நான்கு தோசை அனுப்பினால், மறுநாள் கேன் சுமக்க ஆள் கிடைத்தது என்று பொருள்.

காசு விஷயத்தில் வர்தா கற்பித்த பாடம் கடுமையானது. 2016 நவம்பர் 8-இல் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்தே வாரம். கையில் நோட்டு இல்லை, கரண்ட் இல்லாததால் ஏடிஎம்மும் கார்டு மெஷினும் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுத்த தெருமுனைக் கடைகளால்தான் பால் கிடைத்தது. இன்று எல்லாம் யுபிஐ ஆகிவிட்டதால் நிலைமை அன்றைவிட மோசமாகத்தான் இருக்கும். 2000 ரூபாயை நூறும் ஐம்பதுமாக வைத்திருங்கள்.

மின்வாரியத்துக்குப் புகார் சொல்வதில் ஒரு முறை உண்டு. மின்னகம் எண் 94987 94987. 24 பேரும் தனித்தனியாக ‘கரண்ட் இல்லை’ என்பதைவிட, ஒருவர் டார்ச்சோடு தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மின் இணைப்பு எண், டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் பெயர், எந்தக் கம்பத்தின் மேல் மரம், போனது ஒரு ஃபேஸா மூன்றுமா என்று சொன்னால் சரியான சாமானோடு ஆள் வருவார். அறுந்து கிடக்கும் கம்பியை 10 மீட்டருக்கு உள்ளே நெருங்காதீர்கள், தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி. கம்பி மேல் கிடக்கும் கிளையைத் தெருப் பையன்கள் சேர்ந்து இழுக்க ஆசைப்படுவார்கள், தடுத்து நிறுத்துங்கள்.

ஒரு ஃபேஸ் மட்டும் போனால் உடனே ஃபியூஸ் கேரியரை (ஃபியூஸ் கம்பி கட்டிய பிடி) மற்ற ஃபேஸுக்கு மாற்றுவது நம் ஊர்ப் பழக்கம். எட்டு வீட்டு லோடு இன்னொரு ஃபேஸில் ஏறும், பத்து நிமிடத்தில் பில்லர் பாக்ஸில் அந்த ஃபியூஸும் போகும், இப்போது 16 வீடு இருட்டு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லைட்டும் ஃபேனும் மட்டும். இதைவிட ஆபத்தானது நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) விட்டுப்போவது. ஒரு வீட்டில் பல்பு பளீரென்று எரிந்து ஃபேன் பறக்கும், அடுத்த வீட்டில் மினுங்கும். ஒருவருக்கு 230-க்குப் பதில் 350, 400 வோல்ட் வரை போகிறது, மற்றவருக்கு 100. எந்த வீட்டில் எவ்வளவு என்பது பக்கத்து வீட்டில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். அந்த நொடியில் எல்லா மெயினும் இறங்க வேண்டும். படிக்கட்டில் நின்று கத்துங்கள், நாகரிகம் பார்க்காதீர்கள்.

கரண்ட் வரும் நேரமும் இதே கதைதான். தெருவே கைதட்டி, எல்லா ஏசியும் ஃபிரிட்ஜும் மோட்டாரும், காலியான இன்வெர்ட்டர்களும் ஒரே நொடியில் இழுக்கும். ஃபியூஸ் போய், இப்போதுதான் கிளம்பிய அதே ஆட்கள் திரும்பி வர வேண்டும். ஒரு லைட்டை மட்டும் ஆனில் விட்டு மற்றவற்றை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். பத்து நிமிடம் வோல்டேஜ் நிலையாக இருந்தால் ஃபிரிட்ஜ், பிறகு மோட்டார், ஏசி கடைசி. மீட்டர் போர்டு தண்ணீரில் மூழ்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் மெக்கர் (ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கும் வரை போடவே கூடாது. நனைந்த எம்சிபி (லோடு மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) காய்ந்தாலும் நம்பத்தகாதது, மாற்றிவிடுங்கள்.

எல்லாம் போட்ட பிறகு மோட்டார் சத்தம் கேட்கிறது, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, லிஃப்டும் எரர் காட்டி நிற்கிறது என்றால் இரண்டும் கெட்டுவிட்டதாக முடிவுகட்டி ஆளைக் கூப்பிடாதீர்கள். கேபிள் ஜாயின்ட் போட்டபோது ஃபேஸ் வரிசை மாறியிருக்கும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, லிஃப்டின் ரிலே அதைக் கண்டு தடுத்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் போய் அவர்கள் மோட்டாரும் இப்படியா என்று கேளுங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் தவறு வெளியே, வாரியம்தான் மாற்ற வேண்டும். அதற்குள் நீங்கள் ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிவிட்டால், அவர்கள் சரிசெய்த மறுநாள் உங்கள் மோட்டார் மட்டும் திரும்பவும் எதிர்ப்பக்கம் சுற்றும்.